முகாம் இல்லாத நாளில் வந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநல சிகிச்சையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை முகாம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு மாத்திரை கொடுக்கப்பட்டது என்று நிறையக் கணக்கு இருந்தது. நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அந்தக் கணக்கில் நான் தேடியது கிடைக்கவில்லை. போன வருஷம் முகாமுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் மருந்து சாப்பிடுகிறார்கள்?

இந்த நோயில் அதுதான் எல்லாம். மருந்து பிடிக்க ஆரம்பித்ததும் காதில் கேட்கும் குரல் அடங்கும், தூக்கம் வரும். "எனக்குத்தான் சரியாகிவிட்டதே" என்று நிறுத்துவார்கள். உடம்பு ஊதி, கை நடுங்கி, பகலெல்லாம் அசந்து கிடக்கவேண்டியிருக்கிறதே என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாமல் நின்றுபோவது இன்னொரு வகை. களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு யார் போவது? நிறுத்திய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரமோ சில மாதமோ கழித்துத்தான் நோய் திரும்பும். அவர் பெயர் மட்டும் பதிவேட்டில் சிகிச்சை பெற்றவர் வரிசையிலேயே இருக்கும்.

வீடு தேடிப்போய்க் கவனித்தால் பலன் உண்டா என்று நம் நாட்டிலேயே முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேர் அதில் இருந்தார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதோடு சேர்த்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்களின் கவனிப்பும் கிடைத்தது. ஓராண்டு முடிவில் இரண்டாவது குழுவில் அறிகுறிகளும், அன்றாட வாழ்க்கையில் நோயால் வரும் முடக்கமும் சற்றுக் குறைந்திருந்தன. சற்றுத்தான். அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தவர்களை எண்ணினால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய பாதிப் பேர். செலவும் கூடுதல். ஆனால் ஆய்வு நடந்த மூன்று இடங்களில், தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. இப்படி நல்லதையும் குறையையும் சேர்த்துச் சொல்கிற மதிப்பீடு எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய உதவி. எதை எதிர்பார்க்கலாம், எதற்காகச் சண்டை போடலாம் என்று புரிகிறது.

அளவுகோலுக்கும் பஞ்சமில்லை. மனநோய் உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுக்கும்போது, தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறாரா, மற்றவர்களோடு பழகுகிறாரா, பேசிப் புரிந்துகொள்கிறாரா, வேலை செய்கிறாரா என்று நான்கையும் கேட்டு மருத்துவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அதையே வருஷம் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்த முகாம் திட்டத்துக்கும் சேர்த்து மதிப்பெண் தெரிந்துவிடும். தம்பி இப்போது தானே குளிக்கிறான், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறான். எங்கள் வீட்டில் அது பெரிய முன்னேற்றம். எந்தப் பதிவேட்டிலும் அதை எழுத இடமில்லை.

ஒருங்கிணைந்த கவனிப்பு என்று கட்டுரையில் பல இடங்களில் வருகிறது. மனசுக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு இன்னொரு நாள் இன்னொரு வரிசை என்று இருந்தால் எப்படி ஒருங்கிணையும்? தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் இதயநோய், சர்க்கரை போன்ற உடல் நோய்களால்தான். சில மனநோய் மாத்திரைகளே எடையையும் சர்க்கரையையும் ஏற்றுகின்றன. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வரும் அந்தத் தங்கச்சி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தம்பியிடமும் "மாத்திரை போட்டீங்களாண்ணே?" என்று கேட்டு, அவன் எடையையும் சர்க்கரையையும் குறித்துக்கொண்டு போகட்டுமே.

முகாமுக்கே வராதவர்களை யார் எண்ணுவது? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, தீவிர மனநோய் உள்ளவர்களிலும் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சைக்கு வெளியில்தான் இருந்தார்கள். ஏர்வாடி நமக்குத் தூரமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் அங்கே மனநோயாளிகள் காப்பகத்தில் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் வேறு வழி தெரியாமல் போனவர்கள் அவர்கள். எங்கள் அம்மாவும் பாண்டி கோயிலுக்குப் போகிறார். போகட்டும், அங்கே போனால் அவருக்கு மனசு ஆறுகிறது. மாத்திரை நிற்காமல் இருந்தால் சரி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது நோயாளியின் உரிமை என்றும் சொல்கிறது. பூட்டிய அறைக்குள் ஊரில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வியும் மதிப்பீட்டுப் படிவத்தில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. எனக்கும் சொந்தக் குடும்பம் உண்டு. எங்களுக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பார்கள் என்று எந்த அதிகாரியும் இதுவரை கேட்டதில்லை. இந்தத் திட்டத்தை மதிப்பிட அடுத்து அமைக்கும் குழுவில் பராமரிக்கும் குடும்பத்தினர் இரண்டு பேரையாவது சேர்க்க வேண்டும். சேடப்பட்டி, பேரையூர், கொட்டாம்பட்டி என்று கடைக்கோடி ஊர்களுக்கும், முகாம் இல்லாத ஒரு நாளில், அந்தக் குழு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்