ஷேர் மார்க்கெட் வீடியோ போடுற அண்ணன், அக்காமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். டிவிடெண்ட்னா கம்பெனி தன் லாபத்துல ஷேர் வச்சிருக்கறவங்களுக்கு குடுக்குற காசுன்னே உங்க வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன், அந்த நன்றியோடதான் எழுதுறேன். யீல்டு, அதாவது ஷேர் வெலைல எத்தன சதவீதம் டிவிடெண்டா வருதுங்கறது, 5, வளர்ச்சி 8, ஆகமொத்தம் வருஷம் 13 சதவீதம் வரும்னு போர்டுல எழுதி காட்டுறீங்கல்ல, தயவுசெஞ்சு அத நிறுத்துங்க.

வெலை விழுந்தா யீல்டு தானா ஏறும். அப்படி ஏறி நின்னா ஒண்ணு ஷேர் வாங்குனவருக்கு இனிமே லாபம் நல்லா வரணும், இல்ல டிவிடெண்ட் கொறையணும், எதுன்னு அந்த நம்பர் சொல்லாது. 2020 மார்ச் 23 ஒரே நாள்ல நிஃப்டி குறியீடு 13 சதவீதம் விழுந்துச்சு, பேங்க் ஷேருங்களுக்கு இன்னும் பெரிய அடி, ஆனா ஸ்கிரீன்ல பழைய டிவிடெண்ட வச்சு போட்ட யீல்டு அள்ளிக் குடுக்குற மாதிரி தெரிஞ்சுது. ஒருத்தர் சொன்னாருன்னு எங்கப்பா ரிட்டயர்மெண்ட் பணத்துல பாதிய அந்த பேங்க் ஷேருங்கள்ல போட்டாரு. ஏப்ரல் 17 ரிசர்வ் பேங்க், மார்ச்சோட முடிஞ்ச நிதியாண்டு லாபத்துல டிவிடெண்ட் குடுக்காதீங்கன்னு பேங்குங்களுக்கு சொல்லிருச்சு. வெலை பின்னாடி ஏறுச்சுதான், ஆனா மாசச் செலவுக்கு காசு வேணுமே, அவரு அதுக்குள்ள நஷ்டத்துக்கு வித்துட்டாரு.

மார்க்கெட் எவ்வளவு ஆடும்னு காட்டுற குறியீடு இந்தியா விக்ஸ். அது 14ல இருந்தா மார்க்கெட் ஒரு மாசத்துல சுமாரா 4 சதவீதம் மேலயோ கீழயோ ஆடும்னு ஆப்ஷன் (பின்னாடி ஒரு வெலைக்கு வாங்கவோ விக்கவோ உரிமை குடுக்குற ஒப்பந்தம்) வெலைங்க எதிர்பாக்குதுன்னு அர்த்தம். அந்த மார்ச்சுல விக்ஸ் 80ஐ தாண்டுச்சு, அதே கணக்குல பாத்தா 23 சதவீதம். ரெண்டு நேரத்துக்கும் அதே 13தானா?

இன்னொண்ணு, யீல்டுக்கும் பின்னாடி வந்த லாபத்துக்கும் என்ன தொடர்புன்னு இருவது வருஷ டேட்டாவுல கோடு போடுறப்ப எல்லா மாசத்துக்கும் ஒரே வெயிட் குடுக்குறீங்க. பேயாட்டம் ஆடுன நாலஞ்சு மாசம் மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுத்துட்டுப் போயிரும், அந்த மாசங்களுக்கு வெயிட்ட கொறைக்கணும். ஆடுற மார்க்கெட் இன்னும் கொஞ்ச நாள் ஆடும்ங்கறத கணக்குல கொண்டுவர பொருளாதார நிபுணர் ராபர்ட் எங்கிள் 1982லயே ஆர்ச் (ARCH)ங்கற கணக்கு மாடல் குடுத்தாரு, 2003ல நோபலும் வாங்கினாரு. ஆட்டத்த ஓரளவு கணிக்கலாம், லாபத்த கணிக்கிறதுதான் பெரும்பாடு. கோயல், வெல்ச்னு ரெண்டு நிதி ஆய்வாளருங்க 2008ல அமெரிக்க டேட்டாவுல டிவிடெண்ட் யீல்டு மாதிரி அளவுகோல்கள சோதிச்சப்ப, பழைய வருஷங்களுக்கு பொருந்துனதுல பலதும் புது வருஷங்கள்ல வெறும் சராசரிய கூட ஜெயிக்கல.

அதனால ஒத்த நம்பருக்கு பதிலா கீழ எவ்வளவு, மேல எவ்வளவுன்னு ரெண்டையும் போடுங்க, விக்ஸ் ஏறுனா அந்த இடைவெளியையும் அகலமாக்குங்க, டிவிடெண்ட் நின்ன வருஷத்த படத்துல இருந்து எடுக்காதீங்க. எங்கப்பா இப்பவும் உங்க வீடியோவ நோட்டுல குறிப்பு எடுத்துக்கிட்டுத்தான் பாக்குறாரு.