யானைக்கால் நோய்க்கு இரத்தப் பரிசோதனை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கும், பரிசோதனைப் பட்டை தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். இரவு 10 மணிக்கு மேல் வீடு வீடாகப் போய், தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். யானைக்கால் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் இரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். கொசு கடிக்கும் நேரம் பார்த்துத்தான் விரல் நுனிவரை வரும். அதனால் எங்களுக்கும் இராப்பணி. எழுப்பப்பட்டவர்களிடம் வாங்கிய வசவு தனிக் கணக்கு.

அந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தது உங்கள் பட்டைதான். 75 மைக்ரோலிட்டர் இரத்தம், 10 நிமிடம், பட்டப்பகலில் விடை. நன்றி மறக்கவில்லை. ஆனாலும் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

பட்டை தேடுவது வளர்ந்த புழு இரத்தத்தில் வெளியிடும் ஆன்டிஜன் என்ற பொருளை. அது இருந்தால் பட்டையில் ஒரு கோடு விழும். மருந்து சாப்பிட்டு, நுண்புழு ஒன்றுகூட இரத்தத்தில் இல்லை என்றான பிறகும் அந்த ஆன்டிஜன் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. கோடு விழுந்தவர் "இன்னும் என் உடம்பில் புழு இருக்கிறதா?" என்று கேட்பார். இருந்தது என்று சொல்லலாம். இருக்கிறது என்று சொல்ல முடியாது. மறுபடியும் இரவில் வந்து இரத்தம் எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்க வேண்டியதுதான். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. கால் பெருத்து, நோய் கண்ணுக்குத் தெரிய நிற்பவரின் இரத்தத்தில் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. ஒரு குறையும் இல்லாதவர் போல நடமாடுகிறவரே புழுவைச் சுமந்து கொசுவுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

2000-இல் யானைக்கால் நோயை ஒழிக்கும் உலகத் திட்டம் தொடங்கியபோது, தொற்று எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே வேலை. ஒன்றிரண்டு பொய்க் கோடு விழுந்தால் பாதகமில்லை. இன்று பல இடங்களில் தொற்று அருகிவிட்டது. 10,000 பேரில் 10 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாத 100 பேரில் 99 பேரைச் சரியாக விடுவிக்கும் பரிசோதனைகூட அங்கே ஏறக்குறைய 100 பேருக்குப் பொய்க் கோடு போடும். கோடு விழுந்த 110 பேரில் உண்மை 10 பேர்தான். ஊருக்கே மருந்து கொடுப்பதை நிறுத்தலாமா, இன்னொரு சுற்றுக் கொடுக்கலாமா என்பதை இதை வைத்தா முடிவு செய்வது? 99 சதவீதம் என்று பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் போடுங்கள்.

மத்திய ஆப்பிரிக்காவில் சிக்கல் இன்னும் கடுமை. அங்கே லோவா லோவா என்ற வேறொரு புழு மிகுதியாக உள்ளவர்களின் இரத்தமும் இதே பட்டையில் கோடு போட்டுவிடுகிறது. அந்தப் புழு நிறைந்த உடம்புக்கு, யானைக்காலுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கொடுத்தால் மூளையே பாதிக்கப்படலாம். ஆக, தவறான கோடு உயிருக்கே உலை வைக்கலாம்.

யானைக்காலை உண்டாக்கும் இன்னொரு இனமான புருகியா வகைப் புழுக்கள் இந்தப் பட்டையில் அகப்படவே அகப்படாது. அவற்றுக்கென்று இருக்கும் பரிசோதனை, புழுவை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. ஆன்டிபாடி, புழு எப்போதோ வந்துபோனதன் தடயமாகவும் இருக்கலாம். மறுபடியும் அதே கேள்வி!

எனவே நான் கேட்பது இன்னும் நுணுக்கமாகப் பிடிக்கும் பட்டையை அல்ல. புழு செத்தால் சில வாரங்களில் இரத்தத்தை விட்டு மறையும் ஏதோ ஒரு பொருளைத் தேடிப் பிடியுங்கள். அதைச் சோதிக்கும்போது, தொற்று உள்ளவர் இல்லாதவர் என்று இரண்டே கூட்டத்தின் இரத்தத்தை வைத்து முடித்துவிடாதீர்கள். மருந்து சாப்பிட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுத்துப் பாருங்கள். செலவு அதிகம்தான், தெரியும். வேறு குடற்புழு, இரத்தப்புழு உள்ளவர்களின் இரத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொய்க் கோடு அங்கிருந்துதான் முளைக்கும்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். மாதிரிப் பட்டை தயாரானதும் முதலில் எங்களைப் போன்றவர்கள் கையில் கொடுங்கள். மங்கலான கோட்டை ஒருவர் "இருக்கு" என்பார், அடுத்தவர் "இல்லை" என்பார். இதற்குள் 10 நிமிடம் தாண்டிவிடும்; தாண்டினால் இல்லாத கோடும் மெல்லத் தலைகாட்டும். உங்கள் ஆய்வக வெளிச்சத்தில் இந்தச் சண்டை நடந்திருக்காது. திண்ணையில், 40 பேர் வரிசையில் நிற்கும்போது தினமும் நடக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகத் தொழில்நுட்பர்