மைனஸ் ஒன்றிலிருந்து 756

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள செல்வி,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பொங்கலுக்குப் பிறகு நான் பேசவே இல்லை என்று கோபமாக இருப்பாய். அன்று உன் கிரெடிட் கார்டு பாக்கியைப் பற்றி நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைதான் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. போனில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

முதலில் என் கதை. போன ஆடியில், பட்டறைக்குச் சங்கிலி பின்னும் மெஷின் வாங்க வங்கியில் லோன் கேட்டேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று மதிப்பெண் போடுகிற சிபிலில் மைனஸ் ஒன்று என்றார். செல்வி, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்பா காலத்திலிருந்து வெள்ளிக்காரருக்கு ஒரு கிராம் பாக்கி வைத்ததில்லை. கடன்காரன் நம் வாசலில் நின்றதில்லை என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார், நீயும் கேட்டிருக்கிறாய். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மைனஸா?

அங்கே இருந்த சின்னப் பெண்தான் உட்கார வைத்து விளக்கினாள். அது கெட்ட பெயர் இல்லையாம். இதுவரை கடனோ கார்டோ எடுத்ததே இல்லை, எடைபோட எதுவும் இல்லை என்று அர்த்தமாம். மற்றபடி மதிப்பெண் 300 முதல் 900 வரை. நாம் கைக்குக் கை கொடுத்து வாங்கிய நாணயமெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அவள் சொன்னபடி 25,000 ரூபாய் டெபாசிட் போட்டேன். அதன் பேரில் 20,000 லிமிட்டில் ஒரு கார்டு. டெபாசிட்டுக்கு வட்டி தனியாக வருகிறது. கரண்ட் பில், பெட்ரோல், மளிகை மட்டும் அதில். மாதம் 6,000 தாண்டுவதில்லை. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது என்றாள். பில் பத்தாம் தேதி வரும், கடைசி நாள் 28. நான் பதினைந்துக்குள் முழுப் பணத்தையும் கட்டிவிடுவேன். கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்ததே இல்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். போன வாரம் பார்த்தேன், 756! பட்டறையில் எல்லோருக்கும் டீ, தட்டுவடை செட். மெஷினுக்கு மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, இப்போது உன் விஷயம். “மினிமம் மட்டும் கட்டிடறேன், ஒண்ணும் பிரச்சினையில்லை” என்றாயே, அதுதான் பிரச்சினை.

பாக்கி 40,000 என்று வை. குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று பில்லில் போடுகிற மினிமம் ஐந்து சதவீதம் என்றால் 2,000 கட்டுகிறாய். மாதம் மூன்றரை சதவீத வட்டி 1,400. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 252. அசலில் குறைவது வெறும் 348 ரூபாய்! கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். இதில் பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குகிற பாலுக்கும் சோப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. தவணை தவறவில்லை என்று நீ நிம்மதியாக இருக்கிறாய், உன் சம்பளம் கரைந்துகொண்டிருக்கிறது. உனக்கு இரண்டு கார்டு வேறு.

கோபப்படாதே. அந்த இரட்டை வளையல் பீரோவில்தானே இருக்கிறது? கூட்டுறவு வங்கியில் வைத்தால் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அதை வைத்து இரண்டையும் ஒரேயடியாக அடைத்துவிட்டு, வளையலை மாதாமாதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். வளையல் போனால் என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறாய், தெரியும். போகாது. நானும் கொஞ்சம் போடுகிறேன், மறுக்காதே.

இன்னொன்று. உன் அண்ணன் ஜாமீன் கையெழுத்து கேட்டால் போடாதே. அவர் கட்டாவிட்டால் உன் பெயரில்தான் விழும். அவர் குணம் நம் இருவருக்கும் தெரியும்.

வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் ஏற்காடு வருகிறேன். இருபது வளைவிலும் உன்னைத்தான் நினைத்துக்கொள்வேன், அந்தப் பதினெட்டாவது வளைவில் கொஞ்சம் அதிகமாக. இரண்டு கார்டின் ஸ்டேட்மென்டையும் ஆறு மாதத்துக்கு எடுத்து வை. எதையும் ஒளிக்காதே. மத்தியானத்துக்கு ரசம் போதும்.

உன்,
கொலுசுக்காரி