ஏர் ரைபிள் ஷெட்டுக்குப் பின்சுவர் கட்டணும், கை குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் நம்ம பழைய நெல்லு குடோன்ல ஒன்றரை வருஷமா புள்ளைங்களுக்கு ஏர் ரைபிள், அதாவது காத்தழுத்தத்துல சுடுற துப்பாக்கி, பழக்குறோம்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். சொல்லிக்குடுக்குற நாலு பேருமே ரிட்டயர் ஆனவங்க, ரெண்டு பேரு ராணுவம், ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் பி.டி. மாஸ்டர், யாரும் ஒரு பைசா வாங்கினதில்ல, வாங்கவும் மாட்டாங்க. இப்ப பணம் கேக்குறது முழுக்க இடத்துக்காகத்தான்.

இங்க சேர்ற புள்ளைங்க மொத மாசம் குண்டையே தொடமாட்டாங்க. ரைபிள எப்படி எடுக்கணும், எப்படி வைக்கணும், விரல் ட்ரிக்கருக்கு வெளிய இருக்கணும், அவ்வளவுதான் பாடம். போன மாசம் ஏழாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, தம்பி பின்னாடி நின்னு கூப்பிட்டான்னு ரைபிளோடயே திரும்பப் பாத்துச்சு. ஹவில்தார் அய்யா சத்தம் போடல, குழல்ல கை வச்சு மெதுவா குறி பாத்து சுடுற அட்டை பக்கம் திருப்பி விட்டுட்டு "குண்டு இல்லன்னு தெரிஞ்சாலும் இருக்குன்னுதான் நெனைக்கணும் கண்ணு"ன்னாரு. இப்ப அந்தப் பொண்ணு யாரு கூப்பிட்டாலும் மொதல்ல சேஃப்டி கொடிய குழல்ல சொருகி, ரைபிள மேசையில வச்சுட்டுத்தான் திரும்புது. அந்தக் கொடிங்கறது குழல் நீளத்துக்கு ஓடுற ஆரஞ்சு கயிறு, அது வெளிய தெரிஞ்சா உள்ள குண்டு இல்லன்னு அர்த்தம்.

லைசென்ஸ் பிரச்சனை வருமான்னு அம்மாமாருங்க கேக்குறீங்க. நம்மகிட்ட இருக்கற ரைபிள் குழலோட உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்குள்ளதான், இதுக்கு லைசென்ஸ் தேவையில்ல.

டோக்கியோவுலயும் பாரிஸ்லயும் ஒலிம்பிக்ல இந்தியாவுக்காக சுட்ட இளவேனில் வாலறிவன் பொறந்தது நம்ம கடலூர்ல, ஆனா வளந்தது பழகுனது எல்லாம் குஜராத்துல. 10 மீட்டர் தூரத்துல அட்டை நடுவுல இருக்கற பத்து பாயிண்ட் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்தாங்க, அத அடிக்க கையும் மூச்சும் அடங்கணும், அதப் பழக ஒரு ஒழுங்கான இடம் நம்ம ஊருலயே இருக்கட்டும்னுதான் எங்க ஆசை.

இப்ப அட்டைக்குப் பின்னாடி நிக்கிறது வெறும் மரப்பலகையும் கோணிச்சாக்கும்தான், பலகை பூரா ஓட்டை, இத வச்சுகிட்டு இன்னும் ஆள் சேக்க எங்களுக்கு மனசு வரல. செங்கல் சுவர், குண்டு பிடிக்கிற இரும்புப் பெட்டி நாலு, கண்ணுக்குக் கண்ணாடி, அப்புறம் கை கழுவ ஒரு குழாய், குண்டு ஈயம்ங்கறதால தொட்ட கையோட சாப்பிடவே கூடாது. எல்லாம் சேந்து 2,40,000 ரூபா ஆகும், கையில 85,000 இருக்கு. நூறு ரூபான்னாலும் ரசீது உண்டு, கணக்கு மாசாமாசம் ஷெட் வாசல் போர்டுல எழுதிருவோம். செங்கல் சிமெண்ட்டா குடுத்தாலும் சந்தோஷம்.

ஞாயித்துக்கெழம காலைல 7 மணிக்கு வந்து புள்ளைங்களப் பாருங்க. மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க, காபி நாங்க போட்டுத் தர்றோம்.