பொன்னாடை வேண்டாம், உறுப்பினர் அட்டை கொடுங்கள்

மலைக்காபி விவசாயிகள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் 1, உலகக் காபி தினத்தன்று பெண்களைக் கௌரவிக்கலாம் என்று மலையில் பேச்சு ஓடுகிறது. வயதில் மூத்த தொழிலாளிகளுக்குப் பொன்னாடை, ஆளுக்கொரு எவர்சில்வர் குடம், ஒரு குரூப் போட்டோ. நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. குடம் கொடுத்தால் நானும் வாங்கிக்கொள்வேன். ஆனால் விழாச் செலவில் பாதிகூட ஆகாத இரண்டு காரியங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் உங்கள் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பெண் பெயர் எத்தனை? இருக்கிற சில பெயர்களும் பெரும்பாலும் கணவர் தவறிப்போன வீட்டுப் பெயர்களாகத்தான் இருக்கும். அவர் இருக்கும்வரை அவர் விவசாயி, அவர் போன பிறகு அவள் விவசாயி. நடுவில் இருபது முப்பது வருஷம் அவள் தோட்டத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள்?

நான் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கத்தில் காபி வைத்திருக்கிறேன். ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. கவாத்துக்கும் நிழல்மரக் கிளை வெட்டவும் ஆண்கள் வருவார்கள். அது கடினமான வேலை, மறுக்கவில்லை. நாற்றுக்குப் பை நிரப்புவது, களை எடுப்பது, பழம் பறிப்பது, களத்தில் காயவைப்பது, காய்ந்ததைப் பொறுக்குவது எல்லாம் பெண்கள் கையில். அறுவடை முடிந்தபின் செடிக்கடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைக் குனிந்து பொறுக்குகிறோமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் காய்த்துளைப்பான் பூச்சி அதற்குள்ளேயே இருந்து அடுத்த வருஷக் காய்க்கு ஏறிவிடும். இது இங்கே மட்டும் உள்ள கதை இல்லை. சர்வதேசக் காபி அமைப்பு 2018-ல் காபி தினத்தையே பெண்களுக்கென்று வைத்தபோது சொன்ன கணக்கு இது: காபி விளைவிக்கும் உழைப்பில் 70 சதவீதம் வரை பெண்களுடையது, பெண்கள் நடத்தும் தோட்டங்களோ 20 முதல் 30 சதவீதம்தான்.

இப்போது விலைக்கு வருவோம், உங்களுக்கும் எனக்கும் அதுதானே பேச்சு. 1990களின் நடுப்பகுதிவரை காபியை அரசின் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். பணம் தவணையாக வரும். நம் தோட்டத்துக் காபிக்கென்று ஒரு தனி ருசி இருந்தால்கூட அது அந்தக் குவியலுக்குள் போய்விடும். பிறகு யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம் என்று ஆனது. இன்று பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சின்ன வறுப்பாளர்கள் மலையேறி வந்து, பழுத்த பழமாக மட்டும் பறித்ததா, எத்தனை மணி நேரம் புளிக்கவைத்தது, எங்கே காயவைத்தது என்று கேட்கிறார்கள். பதில் சரியாக இருந்தால் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

அந்தப் பதில் யாருக்குத் தெரியும்? ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவப்பை மட்டும் எடுத்து மற்றதை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வருகிறவளுக்குத் தெரியும். பல்பர் இயந்திரத்தில் பழத்தின் தோல் நீக்கியபின் தொட்டியில் ஊறும் கொட்டையை ஒரு பிடி அள்ளிக் கையால் கசக்கி, வழவழப்பு போய்க் கூழாங்கல் மாதிரி நறநறக்கிறதா என்று பார்த்து, ‘போதும், கழுவலாம்’ என்று சொல்கிறவளுக்குத் தெரியும். கும்பகோணத்திலும் மாம்பலத்திலும் ‘பீபெரிதான் வேணும்’ என்று, பழத்துக்குள் ஒற்றையாக விளையும் அந்த உருண்டைக் கொட்டையைக் கேட்டு வாங்குகிறார்களே, இயந்திரம் அதைச் சலித்துக் கொடுத்தபிறகு கறுப்பையும் உடைசலையும் பூச்சி அரித்ததையும் கண்ணால் பார்த்துப் பொறுக்கித் தள்ளுவது பட்டறையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். பெரிய பட்டறைகளில் இப்போது நிறம் பிரிக்கும் இயந்திரமும் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் பிறகு எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாங்க வருகிறவர் பேசுவது ஆண்களிடம். மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கரண்டியால் உறிஞ்சி ருசி பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும்போது சுற்றி நிற்பதும் ஆண்கள். நம் பெண்களுக்குத் தாங்கள் பறித்த காபி என்ன மார்க் வாங்கியது என்றே தெரியாது. எந்தத் தொட்டிக் காபி நன்றாக வந்தது, எது புளித்துக் கெட்டது என்பதும் தெரியாது. சமைத்தவளை உப்புப் பார்க்க விடாமல் அடுத்த நாள் இன்னும் நன்றாகச் சமை என்று சொல்வது போலத்தான் இது.

பெண் நாக்குக்கு இந்த வேலை வராது என்று யாராவது சொன்னால், நம் காபி வாரியத்திலேயே பதில் இருக்கிறது. 1970களில் அங்கே ருசி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த சுனாலினி மேனன் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கே தலைமை வகித்தார். பிறகு பெங்களூரில் சொந்தமாகக் காபி ஆய்வகம் தொடங்கினார். அமெரிக்காவில் எர்னா நட்சன் ஒரு காபி கம்பெனியில் செயலாளராக இருந்தவர். ருசி பார்க்கும் அறைக்குள் அவரை அனுமதிக்க அங்கிருந்த ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படியோ உள்ளே போய்க் கற்றுக்கொண்டார். இன்று நாம் எல்லோரும் ஆசைப்படும், உயர்தரக் காபிக்கான ‘ஸ்பெஷாலிட்டி காபி’ என்ற பெயரை 1974-ல் அவர்தான் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

சரி, நான் கேட்பது என்ன? முதல் காரியம், ருசி மேசை. இந்த நவம்பரில் பழம் தொடங்கியதும், வாரம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் ருசி மேசை போடுங்கள். பத்துக் கிண்ணம், சின்னதாக ஒரு வறுப்பான், ஒரு அரைக்கும் இயந்திரம், வெந்நீர். பயிற்சிக்கு வாரியத்தில் ஆள் கேளுங்கள், தமிழில் சொல்லித்தரச் சொல்லுங்கள். பறிக்கிறவர்கள், தொட்டி பார்க்கிறவர்கள், பொறுக்குகிறவர்கள்தான் முதலில் உட்கார வேண்டும். அன்றைக்கு அரை நாள் கூலியும் கொடுக்க வேண்டும். கூலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கிலோ கணக்கில் கூலி கொடுத்துவிட்டு ‘பச்சையைப் பறிக்காதே’ என்றால் யார் கேட்பார்கள்? பச்சைக்கும் எடை உண்டு. சிவப்பை மட்டும் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு அதிகம் என்று பேசி முடியுங்கள், பச்சை தானாக நின்றுவிடும்.

இரண்டாவது காரியம், பெண்களின் பெயர். பெரு நாட்டின் வடக்கில் 2000களின் தொடக்கத்தில் பெண் விவசாயிகள் தங்கள் காபியைத் தனியாகப் பிரித்து, ‘கஃபே ஃபெமெனினோ’ (பெண்கள் காபி) என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்கள். அதற்குக் கூடுதல் விலை கிடைத்தது. பணமும் நேராகப் பெண்கள் கைக்கே போனது. நாமும் செய்யலாமே என்று உங்களில் சிலர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் பாக்கெட்டில் ரோஸ் கலரில் ஒரு பெண் படம் போட்டு, பணத்தைக் கணவர் கணக்கில் போடுவதாக இருந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

பட்டா அவர் பெயரில் இருக்கிறதே என்பீர்கள். மானியமும் வங்கிக் கடனும் பட்டாவைத்தான் கேட்கின்றன, உண்மை. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில், அப்போது திருமணமாகாத மகளுக்கும் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. அதற்குப் பின்னும் மலையில் என்ன நடக்கிறது? அப்பா காரியம் முடிந்த கையோடு அக்கா தங்கைகளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மனைவியின் பெயரைச் சேர்த்து எழுதும் குடும்ப செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது என்று சங்கக் கூட்டத்தில் யாராவது ஒரு தடவை எடுத்துச் சொல்லியிருந்தால் பத்து வீட்டிலாவது கூட்டுப் பட்டா வந்திருக்கும்.

அதற்கெல்லாம் காலம் ஆகும், தெரியும். சங்க உறுப்பினர் ஆவதற்கு மட்டும் பட்டா எதற்கு? அது நீங்களே எழுதிய விதி. ஒரு தோட்டத்துக்கு இரண்டு உறுப்பினர், இரண்டு பேருக்கும் ஓட்டு என்று பொதுக்குழுவில் மாற்றிவிடலாம். கழிப்பறையும் பிள்ளைகளை விட்டுவைக்க ஓர் இடமும் வேண்டும் என்பதை நான் பெரிதாக எழுதவில்லை. அதைக் கேட்கப் பெண்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

விண்ணப்பப் படிவம் அச்சடித்ததும் சொல்லி அனுப்புங்கள். எங்கள் ஊரில் யார் யார் சேருவார்கள் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். சந்தாவும் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
தாண்டிக்குடிப் பக்கத்துக் காபி விவசாயி ஒருத்தி