தங்கைக்கு ஒரு கடிதம்: ஐயூவின் 25 வயதுப் பாட்டு

அன்புள்ள தங்கைக்கு,

தென்கொரியப் பாடகி ஐயூவின் 'பேலட்' பாட்டைக் கேட்டுவிட்டு, "இதில் அப்படி என்ன இருக்கிறது அக்கா? தனக்குப் பிடித்ததையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார், அவ்வளவுதானே?" என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது உண்மைதான். பளிச்சென்ற இளஞ்சிவப்பைவிட அடர்ந்த ஊதா பிடிக்கும் என்கிறார். பித்தான் வைத்த இரவு உடை, உதட்டுச்சாயம், கொஞ்சம் குறும்பான விளையாட்டு, நீண்ட கூந்தலைவிட நேராக வெட்டிய குட்டை முடி, நாட்குறிப்பு, தூங்கிக் கழித்த நேரம் என்று பாட்டு முழுவதும் அப்படியே போகிறது. நான் உன்னோடு வேறுபடுவது அந்த 'அவ்வளவுதானே' என்ற இடத்தில் மட்டும்தான். அதற்கு முன்னால் அவர் பாடிய பாட்டுகளையும், அந்த ஊரில் 25 வயது என்பது என்ன என்பதையும் சேர்த்து வைத்துக் கேட்டால், அந்தப் பட்டியல் அவருக்கு எளிதாகக் கிடைத்ததல்ல என்பது தெரியும்.

முதலில் அந்த 25ஐப் பற்றி. பாட்டு வெளியானது 2017 ஏப்ரல் 21 அன்று. ஐயூ பிறந்தது 1993 மே 16. நம் கணக்கில் அவருக்கு அப்போது 24கூட நிறையவில்லை. கொரியாவின் அன்றாட வழக்கில் இருந்த கணக்கு வேறு: பிறக்கும்போதே குழந்தைக்கு ஒரு வயது, அதன்பிறகு பிறந்தநாளில் அல்லாமல் ஒவ்வொரு புத்தாண்டு நாளிலும் எல்லாருக்கும் சேர்ந்தே ஒரு வயது கூடும். அரசு நடைமுறைகளில் இந்தக் குழப்பம் வேண்டாமென்று, நாம் எண்ணுவதுபோல் எண்ணும் முறையைச் சட்டப்படி உறுதிசெய்ததே 2023 ஜூன் 28 முதல்தான். ஆகவே 2017ஆம் ஆண்டின் முதல் நாள் காலையில், 1993இல் பிறந்த கொரியர் அனைவரும் ஒன்றாக 25 ஆனார்கள். வயது இப்படி ஒரே காலையில் எல்லாருக்கும் வரும் ஊரில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது: உடன் படித்தவர்களில் யார் வேலைக்குப் போனார்கள், யார் ராணுவச் சேவையை முடித்தார்கள், யார் இன்னும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. அந்தக் கணக்குகளுக்கு நடுவே ஒருத்தி எழுந்து, எனக்கு 25 வயது, எனக்கு இது பிடித்திருக்கிறது என்று பல்லவியில் சொல்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பார்.

பெண் பெரியவளாவதைப் பற்றிய கொரியப் பாட்டு என்றால், அதற்கு முன் பலருக்கும் நினைவில் இருந்தது 2000ஆம் ஆண்டில் பார்க் ஜி-யூன் பாடிய பாட்டு. அதன் கொரியத் தலைப்புக்கே வயது நிறைவுச் சடங்கு என்றுதான் பொருள். கொரியாவில் மே மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை வயது நிறைவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று ரோஜாப் பூக்களும் வாசனைத் திரவியமும் பரிசாகக் கொடுப்பது வழக்கம். அந்தப் பாட்டிலும் ரோஜாக்கள் உண்டு. நான் இனிச் சிறுமியல்ல, தயங்காதீர்கள் என்று அதில் வரும் பெண் தன் காதலனிடம் சொல்கிறாள். எழுதியவர் பார்க் ஜின்-யங் என்ற ஆண். பாடியவருக்கு அப்போது நம் கணக்கில் 18 வயது. அதை மோசமான பாட்டு என்று நான் சொல்லமாட்டேன், இசை இன்றும் கேட்கும்படியாகவே இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் எதிரே நிற்கும் ஆண்தான். 'பேலட்'டில் அப்படி எதிரே நின்று தீர்ப்புச் சொல்பவர் எவரும் இல்லை, ராப் பகுதியைத் தவிர, பாட்டையும் ஐயூவே எழுதி அவரே மெட்டமைத்திருக்கிறார். இதை எழுதும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. பழைய கொரியாவில் பெண்ணுக்கு நடத்திய வயது நிறைவுச் சடங்கில், பின்னித் தொங்கவிட்ட கூந்தலை உயர்த்திக் கொண்டையிட்டு ஊசி செருகுவார்கள். கூந்தலின் கோலம் மாறுவதே பெரியவளானதற்கு அடையாளம். ஐயூ அதை எண்ணித்தான் குட்டை முடியைப் பற்றிய வரியை எழுதினாரா என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. கத்தரியை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கண்ணில் பட்டது.

அந்தக் கூந்தல் வரிக்கு அடுத்தாற்போல் அவர் ஒன்று சொல்கிறார்: ஆனாலும் 'குட் டே' பாடிய காலத்தில் நான் அழகாகத்தான் இருந்தேன் என்று. பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2008 செப்டம்பரில், 15 வயதில், வயதுக்குப் பொருந்தாத ஒரு சோகப் பாட்டோடு அவர் அறிமுகமானபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010 டிசம்பரில் வந்த 'குட் டே' அவரை நாடு முழுவதற்கும் தெரிந்தவராக்கியது; பாட்டின் முடிவில் மூச்சுவிடாமல் மூன்று படிகளாக ஏறும் அந்த உச்சக் குரலை நீயும் கேட்டிருப்பாய். 2019இல் பில்போர்டு இதழ் அந்தப் பத்தாண்டின் சிறந்த கே-பாப் பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வைத்தது இதைத்தான். அன்று முதல் 'தேசத்தின் தங்கை' என்ற பட்டம் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. வீட்டில் தங்கையாகவே இருந்து பழகிய உனக்கு அதில் உள்ள வசதியும் தொல்லையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாரும் கொஞ்சுவார்கள், நீ வளர்ந்துவிட்டதாக எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். இத்தகைய பட்டத்தைத் தாங்கிய கலைஞர்கள் பெரியவர்களானதும் அந்தப் பழைய உருவத்தை வெறுத்து உதறுவதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். இவர் முடியை வெட்டிக்கொண்ட பிறகும், அந்தச் சிறுமியைத் திரும்பிப் பார்த்து, அழகாக இருந்தாய் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்த நிதானம் ஒரே பாய்ச்சலில் வந்ததல்ல. 2015 அக்டோபரில் வந்த 'ட்வென்டி-த்ரீ' பாட்டைக் கட்டாயம் கேள். அவரே முழுப் பொறுப்பேற்றுத் தயாரித்த முதல் தொகுப்பின் முதன்மைப் பாட்டு அது. காதலிக்க வேண்டும், இல்லை, பணம் நிறையச் சம்பாதிக்க வேண்டும். என்றும் குழந்தையாகவே இருக்க வேண்டும், இல்லை, பெண்ணாக மாற வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் அடுத்த வரி அடித்துப்போடும். இவற்றில் நான் எது, நீங்களே கண்டுபிடியுங்கள் என்று கேட்பவரிடமே புதிர் போடும். சீண்டும் பாட்டுதான், ஆனால் உள்ளே பதற்றம் இருக்கிறது. தொகுப்பு வெளியானதும் பதற்றத்துக்குக் காரணமும் கிடைத்தது. அதில் பிரேசில் நாட்டு நாவல் ஒன்றின் குழந்தைப் பாத்திரத்தை வைத்து எழுதிய இன்னொரு பாட்டு, குழந்தையைக் காமக் கண்ணோடு பார்ப்பதாகக் கடும் கண்டனத்துக்கு உள்ளாகி, அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வழக்காடப்போவதில்லை. தேசத்தின் தங்கை என்று கொஞ்சிய அதே ஊர் 22 வயதில் அவரைக் குறுக்கு விசாரணை செய்தது என்பதையும், அதற்கு ஒன்றரை ஆண்டுகள் கழித்து 'பேலட்' வந்தது என்பதையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொள்.

ஏனென்றால் பல்லவி முதலில் வரும்போது, என்னை நீங்கள் விரும்புவது எனக்குத் தெரியும் என்கிறார். பின்னால் வரும்போது, என்னை நீங்கள் வெறுப்பது எனக்குத் தெரியும் என்கிறார். மெட்டு அதேதான், குரலும் ஏறுவதில்லை, இறங்குவதில்லை. இரண்டுக்கும் ஒரே பதில்: நான் நன்றாகத்தான் இருக்கிறேன், என்னை இப்போது கொஞ்சம் புரிவதுபோல் இருக்கிறது. முழுதாகப் புரிந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன், நீயும் நம்பியிருக்கமாட்டாய். இசையும் இதற்குத் துணையாக அடங்கியே இருக்கிறது. உச்சக் குரலால் பேர் வாங்கிய ஒருவர், தன் வாழ்க்கையின் இந்த முக்கியமான பாட்டில் ஓரிடத்தில்கூட அந்த உச்சத்தைத் தொடாமல், மெல்லிய மின்னணுத் தாளத்தின்மேல் கிட்டத்தட்டப் பேசும் குரலிலேயே பாடுகிறார். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அந்த ஊதா நிறத்துக்கும் பித்தான் உடைக்கும் ஒரு கனம் வருகிறது. நான் யார் என்ற பெரிய கேள்வியை ஊரிடம் கேட்டு ஊர் வாயால் அடிபட்டவர், அடுத்த முறை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தனக்கு நிச்சயமாகத் தெரிந்த சின்னச் சின்ன விஷயங்களை மட்டும் சொன்னார்.

பாட்டின் இடையில் வரும், பிக்பேங் குழுவைச் சேர்ந்த ஜி-டிராகனின் ராப் தேவையா என்றும் கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால், அது இல்லாவிட்டால் பாட்டில் பாதி போய்விடும். அவர் 1988இல் பிறந்தவர்; கொரியக் கணக்கில் அப்போதுதான் 30 ஆனவர். மேடைப் பெயரைச் சொல்லாமல் ஜி-உன் என்று ஐயூவின் இயற்பெயரைச் சொல்லி அழைத்து, தன்னை அண்ணன் என்று குறிப்பிட்டுக்கொண்டு பேசுகிறார். 'குட் டே' பாட்டில் அந்தப் பெண் அண்ணா என்று அழைத்துத்தான் தன் காதலைச் சொன்னாள் (கொரியாவில் பெண்கள் தம்மைவிட மூத்த காதலனையும் அப்படி அழைப்பதுண்டு); இங்கே வேறோர் அண்ணன் பேசுகிறார், காதலாக அல்ல. அறிவுரையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நமக்கு அவர் சொல்வது இதுதான்: நான் பெரியவனே அல்ல, ஆனாலும் ஆகிக்கொண்டிருக்கிறேன், உன்னைவிட ஐந்து வயதுதான் கூட, போக வேண்டிய தூரம் இன்னும் இருக்கிறது.

அதே பகுதியில், வலிக்கிறது என்றால் இளமையாம், இதென்ன பேச்சு என்ற பொருளில் ஒரு குத்தல் வருகிறது. அது எதைக் குத்துகிறது என்று தெரிந்தால் உனக்குச் சிரிப்பு வரும். சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிம் ரான்-டோ எழுதி 2010 டிசம்பரில் வெளியான ஓர் அறிவுரை நூலின் தலைப்பே, வலிக்கிறது, ஆகவே அது இளமை என்பதுதான். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பிறகு அதே இளைஞர்களே அதைக் கேலி செய்யத் தொடங்கினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. காதல், திருமணம், பிள்ளைப்பேறு மூன்றையும் கைவிட்ட தலைமுறை என்று கொரியச் செய்தித்தாள்கள் அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கியது 2011இல். வேலையும் வீட்டு வாடகையும் கழுத்தை நெரிக்கும்போது, வலிப்பது இளமையின் இயல்பு என்று பேராசிரியர் ஒருவர் ஆறுதல் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த எரிச்சலை அரை வரியில் சொல்லிவிட்டு, குழந்தையும் அல்லாத பெரியவரும் அல்லாத வயதில், நீ வெறுமனே நீயாக இருக்கும்போதுதான் அதிகம் ஒளிர்கிறாய் என்று ஜி-டிராகன் தங்கையிடம் சொல்கிறார். இது கொஞ்சம் இனிப்புக் கூடிய வரிதான். ஆனால் இன்னும் பெரியவனாகவில்லை என்று ஒப்புக்கொண்டவர் சொல்வதால் நான் பொறுத்துக்கொள்கிறேன்.

இதோடு எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்காதே. 2020 மே மாதம், கொரியக் கணக்கில் 28 வயதில், பிடிஎஸ் குழுவின் சுகாவோடு சேர்ந்து அவர் பாடிய 'எய்ட்' இழப்பைப் பற்றிய பாட்டு. 25இன் நிம்மதி அதில் இல்லை. மறுஆண்டு வந்த 'லைலாக்' தொகுப்பு இருபதுகளுக்கு விடைகொடுத்தது. பிறகு 2022 செப்டம்பரில் சியோல் ஒலிம்பிக் முதன்மை அரங்கில் இரண்டு நாள் கச்சேரி நடந்தது. அங்கே தனியாகக் கச்சேரி செய்த முதல் கொரியப் பெண் பாடகர் அவர்தான். அந்த மேடையில்தான் 'பேலட்'டை இனிப் பாடப்போவதில்லை என்று அறிவித்தார். அந்தப் பாட்டை எழுதிய காலத்தைப்போலவே நல்ல காலம் முப்பதை எட்டியபோதும் வந்திருக்கிறது, ஆகவே அதை இன்னும் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை, 25 வயதின் ஜி-உன்னுக்கே விட்டுவிடுகிறேன் என்ற பொருளில் பேசினார். உச்சக் குரலுக்காகவே ரசிகர்கள் காத்திருக்கும் 'குட் டே'யையும் கச்சேரிகளின் வழக்கமான வரிசையிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

ஆகவே உனக்கு என் வேண்டுகோள்: 'குட் டே', 'ட்வென்டி-த்ரீ', 'பேலட்' என்ற வரிசையில் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு எனக்கு எழுது. அப்போதும் வெறும் பட்டியலாகவே பட்டால் நான் வாதாடமாட்டேன். பாட்டைத்தான் அவர் விட்டுக்கொடுத்தாரே தவிர, பெயரை விடவில்லை. யூடியூபில் மற்றப் பாடகர்களை அழைத்து அவர் நடத்தும் உரையாடல் நிகழ்ச்சிக்கு 'ஐயூவின் பேலட்' என்றே பெயர் வைத்திருக்கிறார். நேரம் கிடைத்தால் அதையும் பார்.

அன்புடன்,
அக்கா