ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும் என் பாஸ்போர்ட்

மேனேஜர் ஐயா, ஆபீஸ் கணக்கு பார்க்கும் பெரிய கிராணி ஐயா, அப்புறம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் எங்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரத்திலிருந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்ட வந்தவன், நாலு வருடம் ஆகிறது. முள் குத்திக் குத்திக் கை மரத்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை பெர்மிட்தான் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் குத்துகிறது.

போன வருடம் பெர்மிட் முடியப் பத்து நாள் இருக்கும்போது கேட்டேன். "போட்டாச்சு, வந்துடும்" என்றார்கள். வந்தது, ஏழு வாரம் கழித்து. அந்த ஏழு வாரமும் நான் டவுன் பக்கமே போகவில்லை. ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை, கடைவாய்ப் பல் வலித்தபோது கிளினிக் போகப் பயந்து கிராம்பைக் கடித்துக்கொண்டே குலை வெட்டினேன். (கிராம்பும் எங்கள் குடியிருப்பு லயத்து அக்கா கொடுத்ததுதான்.)

பெர்மிட் முடிந்த பிறகும் இங்கே தங்கியிருந்து மாட்டினால் சட்டப்படி குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், இல்லாவிட்டால் 5 வருடம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நானே போய் புதுப்பிக்கலாம் என்றால் வழியில்லை, முதலாளிதான் மனுப் போட வேண்டும். பிடிக்கவில்லை என்று அடுத்த தோட்டத்துக்குப் போய்விடவும் முடியாது, பெர்மிட் உங்கள் பேரோடு கட்டியிருக்கிறது. தேதியை மறந்தவர் ஆபீஸில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார், லாரியில் ஏற்றப்படுவது நான்.

அப்புறம் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. தோட்ட வேலைக்கு வருடம் 640 வெள்ளி, அதை 2018 ஜனவரியிலிருந்து முதலாளிதான் கட்ட வேண்டும் என்பது அரசாங்கம் போட்ட விதி. ஆனால் என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் "பெர்மிட்" என்று ஒரு பிடித்தம் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் எல்லாருக்கும் அப்படித்தானாம்.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்கிறீர்கள். நல்லது ஐயா, ஆனால் அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதே 1966 கடவுச்சீட்டுச் சட்டப்படி குற்றம் என்று இங்கே பிறந்து வளர்ந்த டிராக்டர் அண்ணன் சொன்னார். போலீஸ் நிறுத்தினால் என் கையில் இருப்பது மழையில் ஊறிய ஒரு ஜெராக்ஸ்.

என் பெர்மிட் அக்டோபரில் முடிகிறது. ஜூலையிலேயே மெடிக்கலுக்கு அனுப்பி வேலையைத் தொடங்குங்கள். மனுப் போட்ட ரசீதில் ஒரு நகல் கொடுங்கள். பாஸ்போர்ட்டை வாங்க ஞாயிற்றுக்கிழமை பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஆபீஸ் வாசலுக்கு வருகிறேன். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரை அன்றைக்கு இருக்கச் சொல்லுங்கள்.